சிரிக்காத ஒருவர்

நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' 2013-இல் வெளிவந்த படம். சென்ற விடுமுறையில் நாமக்கல்லில் எங்கள் வீட்டில் நண்பர்களோடு பார்த்தேன். நேர்மையான அமைச்சரின் மகன், தன்னைக் கடத்தியவர்களோடே கூட்டுச் சேர்ந்து பணத்தில் பங்கு கேட்கிறான். முடிவில் அவனே அமைச்சராகிறான்!

"புதுமையான படம்" என்றான் ஒருவன். "நியாயம் எங்கே?" என்றான் இன்னொருவன். (அவன் தத்துவத் துறை மாணவன், அப்படித்தான் கேட்பான்.) நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. லாரி ஓட்டுநர் அவர். ஒருமுறை வழியில் கண்ணயர்ந்த வேளையில் வாடகைப் பணம் திருட்டுப் போயிற்று. முதலாளி நம்பவில்லை. பதினான்கு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாவின் தோடும் போயிற்று.

"எடுத்தவனும் அன்னைக்கு இப்படித்தான் சிரிச்சிருப்பான், கண்ணு" என்று எழுந்து போனார்.

இன்றும் அதை நல்ல படம் என்றே சொல்வேன். அவர் எதிரில் சொல்வதில்லை.