வெயில் பொது, கூரை யாருடையது?

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 5 வந்தால் கல்லூரிகளில் ஒரு பட்டியல் ஒட்டுகிறார்கள். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள், காரை விட்டுப் பேருந்தில் போங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள், ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் சேரியிலிருந்து வந்த ஒரு மாணவருக்கு அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். அவர் வீட்டில் ஏசி இல்லை, கார் இல்லை, ஆளில்லாத அறை என்று ஒன்று இல்லவே இல்லை.

எங்கள் அம்மாக்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினார்கள். கிழிந்த புடவை தூளி ஆயிற்று. தூளியும் கிழிந்தால் அடுப்படிக்குப் பிடிதுணி ஆயிற்று. அக்காவின் பாவாடை தங்கைக்கு வந்தது. இதற்கு யாரும் பசுமை வாழ்க்கை என்று பெயர் வைக்கவில்லை, இல்லாமை என்றுதான் பெயர். இன்று இதையெல்லாம் பாராட்டிப் பேசுகிறவர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: எங்கள் வறுமையை உங்கள் முன்மாதிரி ஆக்காதீர்கள். விறகடுப்புப் புகையில் இருமி இருமி ஓய்ந்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் தெருவுக்கு இன்னும் கூடுதல் மின்சாரம் வேண்டும்.

பாபாசாகேப் அம்பேத்கர் இதைத் தெளிவாகப் பார்த்தவர். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் பாசனமும் அவர் பொறுப்பில் வந்தன. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால்தான் நிலத்தை மட்டும் நம்பி வறுமையில் கிடக்கும் மக்கள் மீள முடியும் என்று 1943 அக்டோபரில் கொள்கைக் குழுக் கூட்டத்தில் வாதிட்டார்.

ஆகவே தோழர்களே, சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் வேண்டுமா என்றால், வேண்டும். எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் படிந்த கழிமுகத்தைப் பார்த்த எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நாம் கேட்க வேண்டியது, அந்த மின்சாரம் யார் நிலத்தில், யார் கூரையில் வருகிறது, பலன் யாருக்குப் போகிறது என்பதை.

முதலில் நிலம். கர்நாடகத்தில் தும்கூரு மாவட்டத்தின் பாவகடா வறண்ட வட்டம். அங்கே 5 கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா இருக்கிறது. நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. நிலத்தைப் பறிக்காத நல்ல முறை என்று பலரும் பாராட்டினார்கள். பட்டாதாரருக்கு அது சரி. அதே நிலத்தில் களையெடுத்து, கடலை பிடுங்கிக் கூலி வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? குத்தகைப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. மிஞ்சியது பலகை கழுவுவதும் புல் வெட்டுவதும் காவல் இருப்பதும்தான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. நிலமற்றவர்களில் தலித்துகள் அதிகம். அதனால் சாதி என்ற சொல்லே இல்லாத ஒப்பந்தமும் சாதிப்படிதான் பலனைப் பிரிக்கிறது.

நம் மாநிலத்திலும் இந்தக் கேள்வி பெரிது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் வந்தது. தரிசு நிலம் தேடி இன்னும் பலர் வருகிறார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையால் நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் ஏராளமானது கைமாறிப் போயிற்று. அதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். நாளை ஒரு பஞ்சமி நிலத்தில் சோலார் பலகை வந்தால், மீட்கப்படாதவரை குத்தகைப் பணம் ஆக்கிரமித்தவர் கைக்கே போகும்.

அடுத்தது கூரை. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு வீட்டுக்கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. சொந்த வீடும் அதற்கேற்ற கூரையும் இருக்க வேண்டும். புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர், ஓலையும் ஓட்டை ஓடும் வேய்ந்தவர் என்ன செய்வார்கள்? நகரத்திலிருந்து அகற்றிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் குடிவைக்கப்பட்டவர்களுக்குத் தனிக்கூரை ஏது? அடுக்குமாடியின் பொது மாடியில் பலகை வைத்து, எல்லா வீட்டு மின்கட்டணத்திலும் பங்கைக் கழிக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. பட்டா கேட்டு நடக்கும் போராட்டமும் இனிமேல் சூழல் போராட்டம்தான்.

கடைசியாக அன்றாடப் பழக்கம். ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்போம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று பிரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு விதிகளே கூறின. நீங்கள் பிரிக்காததை இன்னொருவர் கையால் பிரிக்கிறார், பெரும்பாலும் கையுறை கூட இல்லாமல். உடைந்த கண்ணாடியும் ஊசியும் பயன்படுத்திய நாப்கினும் சோற்றோடு கலந்து கிடக்கும் பையை அவிழ்க்கிறவர் எந்தச் சாதியாக இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடியைத் தாளில் சுற்றி மேலே எழுதிவைக்க இரண்டு நிமிடம் ஆகாது.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, பஞ்சமி நிலம் எது என்று குறித்துவையுங்கள். அடுத்த கிராமசபையில், எந்த மின்திட்டம் வந்தாலும் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கும் பங்கு வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். எழுதிக்கொள்ள மறுத்தால் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், கம்பெனிக்காரர் வரும் நாளில் அது தேவைப்படும்.

ஜெய்பீம்.