மணப்பாட்டில் ஒரு வாடகை வீடு

மதுரைக்குக் கடல் இல்லை என்பர். ஆனால் பாண்டியரின் தலைநகர் வைகைக் கரையில் செழித்திருந்த காலத்தில், அதன் வாசற்கதவு தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்தது. அதுவே முத்துக்குப் பேர்பெற்ற கொற்கைத் துறைமுகம். ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகிச் செல்லவே, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. அதன்பின் காயல் தலையெடுத்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய துறைமுகம் அது. அடுத்துப் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் சிறந்தன. துறைமுகங்கள் இடம் மாறின. கடலை நம்பி வாழ்ந்த மக்களோ கரையை விட்டு அகலவில்லை.

கோடை வந்ததும் கொடைக்கானலை நாடுவது மதுரைக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். இப்போது கடலோரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்தி, சில நாட்கள் சமைத்து உண்டு தங்கிவருவோரும் உளர். அத்தகைய விருப்பமுடையோர் மணப்பாட்டை நினைத்துப் பார்க்கலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம். போகும் வழியில், மணப்பாட்டுக்குச் சற்று முன்னே, பாண்டிய மன்னரின் பெயரைத் தாங்கிய குலசேகரன்பட்டினம் என்னும் பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கு 2024 பிப்ரவரி 28 அன்று, நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாய்மரக் கப்பல்கள் வந்த கரையிலிருந்து விண்கலங்கள் புறப்படும் காலம் நெருங்குகிறது.

மணப்பாடு, கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் அடியில் அமைந்த ஊர். புயலில் சிக்கித் தப்பிய போர்த்துக்கேசியக் கப்பல் தலைவர் ஒருவர், முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி இக்குன்றில் நாட்டினார் என்பது ஊரின் மரபுச் செய்தி. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், குன்றின் கடலோரக் குகையில் தங்கிச் செபித்தார் என்றும் மக்கள் போற்றுகின்றனர். அலைகள் அருகே மோதும் அக்குகையில், நன்னீர்க் கிணறு ஒன்று இருப்பது காண்போரை வியப்பில் ஆழ்த்தும். குன்றின்மேல் உள்ள திருச்சிலுவை ஆலயம் 1581-இல் எழுந்தது. செப்டம்பர் 14-இல் நிறைவுறும் அதன் திருவிழாவுக்குத் தொலைவிலிருந்தும் மக்கள் திரள்வர்.

ஊருக்குள் நடந்தால், கொழும்பு வணிகத்தில் பொருள் ஈட்டியோர் கட்டிய பெரிய மாடி வீடுகளைக் காணலாம். உரியவர்கள் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறிவிட்டமையால், அவற்றுட் சில பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. கடற்காற்று உப்பைச் சுமந்து வருவது. ஆளில்லாத வீட்டில் கீலையும் உத்திரத்தையும் அது விரைவில் அரித்துவிடும். ஆகவே அத்தகைய வீட்டில் சில நாள் விளக்கேற்றி அடுப்பு மூட்டுவது, அந்த வீட்டிற்கும் நன்மையே. உள்ளூர்ப் பெண் ஒருவருக்குச் சமையல் வேலையும் கூலியும் கிடைத்தால் அது மற்றொரு நன்மை.

வீடு பேசும்போது சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிணற்று நீர் குடிக்கத் தக்கதா, உப்பா? சாவியை வைத்திருப்பவர் ஊரிலேயே இருப்பாரா? குழந்தைகள் குளிக்கத்தக்க இடம் எது? கடைசிக் கேள்வியை மீனவர்களிடம் கேட்பதே நலம். மே மாத இறுதியிலிருந்து கச்சான் காற்று வலுக்கும். நேற்று அமைதியாக இருந்த துறை இன்று சீறும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அதற்குமேல் வாதம் கூடாது.

இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. நாம் வாடகை கொடுப்பது நான்கு சுவர்களுக்கே, கரைக்கு அன்று. நமக்கு வெறும் மணலாகத் தோன்றும் இடம், அவர்களுக்குப் படகை ஏற்றும் துறை, வலையைச் செப்பனிடும் கூடம், மீன் உலர்த்தும் களம், ஏலம் கூறும் சந்தை. விரித்த வலையை மிதித்து நடப்பது, உழவர் களத்தில் காயும் நெல்லை மிதிப்பதற்கு ஒப்பாகும். கருவாட்டு நாற்றம் என்று முகம் சுளிப்பவர், அது பிறருடைய சோற்றின் மணம் என்பதை உணர வேண்டும்.

நமது கோடை விடுமுறையோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறது. இந்த 61 நாட்களும், மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, இக்கடற்கரையின் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப் படகுகள் கொணரும் மீனே கிடைப்பதால் விலை சற்று ஏறியிருக்கும். தங்க வந்த இடத்தில் நாலு ரூபாய்க்காகக் கடுமையாகப் பேரம் பேசுவது நமக்கு அழகன்று. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாத ஊர் இது. அன்று மீன் இல்லையே என்று குறைபடுவதைவிட, அவர்களோடு திருப்பலியில் பங்கேற்பது மேல்.

கடலோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 1991-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2011-இலும் 2019-இலும் அதற்கு மாற்றாகப் புதியவை வந்தன. அலைக்கோட்டை நெருங்கி விடுதிகள் எழும்பினால், படகுகள் ஏற இடமில்லாது போகும். பழைய வீடு காலியிருக்க, கரையை மறித்து எழுப்பிய புதுக் கட்டடத்தை நாடாதிருப்பது நம் கையில் உள்ளது. கேட்போர் இல்லையெனில் கட்டுவோரும் குறைவர்.

புறப்படும் நாளில் வீட்டைப் பெருக்கி, குப்பையையும் பிளாஸ்டிக் பைகளையும் திரட்டி, நம்முடனேயே எடுத்துச் செல்வோம். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, “அடுத்த ஆண்டும் வாருங்கள்” என்று அவர்கள் மனமாரச் சொன்னால், கொடுத்த வாடகைக்குமேல் நாம் பெற்றுவிட்டோம்.