தொப்பூர் இறக்கமும் ஒரு கையொப்பமும்

தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை என்று சொன்னால் நம் பங்குகளில் பலருக்கும் அது விளங்குவதில்லை. கடைசல் இயந்திரத்தில் நிற்பவர் இரும்பைக் கடைகிறார். உலையருகே நிற்பவர் அதைக் காய்ச்சுகிறார். ஓட்டுநர் சரக்கை ஏற்றிச் செல்கிறார். "நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று வீட்டுப் பெரியவர்கள் வினவும்போது, "மற்றவர்கள் செய்ததைப் பார்க்கிறோம்" என்றே விடை கூற வேண்டியிருக்கிறது. ஒன்றையும் செய்யாமல் பிறர் வேலையில் குற்றம் காண்பதற்கும் ஒரு சம்பளமா என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும். பிறகு காபி வரும். பேச்சு வேறு திசையில் போய்விடும்.

தர்மபுரி 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, அது கேழ்வரகும் மாவும் பட்டுப்புழு வளர்ப்பும் கொண்ட வானம் பார்த்த பூமி. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனோடு சென்றுவிட்டது. ஆயினும் 1997-ல் உருவான நம் மறைமாவட்டத்தில் இரு மாவட்டங்களும் ஒரே குடும்பமாகவே இருக்கின்றன. பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கங்களிலிருந்து விடியுமுன்னே கம்பெனிப் பேருந்து ஏறும் பிள்ளைகள் இல்லாத பங்கு இன்று அரிது. ஆகவே இது அந்நியமான பொருள் அன்று.

நாங்கள் பணிபுரியும் ஆலை பெரியதன்று. லாரிகளின் பிரேக் இணைப்பில் பொருத்தப்படும் சிறு எஃகு முளைகள் அங்கே செய்யப்படுகின்றன. பட்டறையில் இவற்றைப் 'பின்' என்பர். விரல் அளவே உள்ள முளை. 20 மில்லிமீட்டர் விட்டத்திற்கு அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 21 மைக்ரான். மனிதத் தலைமுடியின் பருமனே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் இதன் நுண்மையை ஊகித்துக் கொள்ளலாம். உலகெங்கும் இவ்வளவுகள் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கே கணக்கிடப்படுகின்றன. 60 டிகிரிச் சூட்டோடு இயந்திரத்திலிருந்து எடுத்த முளையை உடனே அளந்தால், அது 9 மைக்ரான் பருத்துக் காட்டும். ஆறும்வரை இரும்பு தன் உண்மையைச் சொல்லாது. மனிதரும் அவ்வாறே என்று எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் சொல்வதுண்டு.

அளவு சரியாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. கடினமும் வேண்டும். எஃகை 860 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி மிதமாகக் காய்ச்சிப் பதப்படுத்துகிறோம். வைர முனை ஒன்றை அதன்மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் பதிகிறது என்பதைக் கொண்டு கடினத்தை அறிகிறோம். ஒரு மாதக் கடைசியில், ஒரு தட்டிலிருந்து எடுத்த முளைகளில் 45 முதல் 50 வரை இருக்க வேண்டிய கடினம் சிலவற்றில் 37-க்கு இறங்கியிருந்தது. லாரியோ வாசலில் நிற்கிறது. மாதக் கணக்கு முடிய இன்னும் சில மணி நேரம்.

"நூற்றுக்கு இரண்டு மூன்று மென்மையாகப் போனால் என்ன குடியா முழுகிவிடும்? கையெழுத்தைப் போடுங்கள்" என்றார் மேலே இருந்தவர்.

இவ்வேலையின் முழுப் பாரமும் அந்தக் கையொப்பத்தில்தான் இருக்கிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தை அறியாத குடும்பம் நம் பகுதியில் இல்லை. 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று முன்னே நின்ற வாகனங்களை வரிசையாக மோதி உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். நியாயமாகச் சொன்னால், அங்கே நேரும் விபத்துகளில் பல, டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் விடுவதாலும், நீண்ட இறக்கத்தில் ஓயாது மிதித்துப் பிரேக் சூடேறிப் பிடிப்பிழப்பதாலும் நேர்பவை. முளை ஒன்று தேய்ந்து நேர்ந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எனினும் மென்மையான முளை நாளடைவில் தேயும்; இணைப்பு தளரும். அந்த இறக்கத்தில் இறங்கும் ஓட்டுநர் எங்களை அறியார். நாங்களும் அவரை அறியோம். அவருக்காக அந்த ஆலைக்குள் பேசக்கூடியவர்கள் வேறு எவரும் இல்லை.

பையில் இருவகை எடைக்கற்களை வைத்திருக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் விலக்குகிறது. சிறு வயதில் அதை மளிகைக் கடைக்காரருக்கான கட்டளை என்றே எண்ணியிருந்தோம். மாதத்தின் 5-ஆம் நாள் ஒரு கல்லும் 30-ஆம் நாள் வேறொரு கல்லும் வைத்து நிறுக்கும் பழக்கம் தொழிற்சாலைகளில் உண்டு என்பதைப் பின்னர்தான் கண்டோம்.

கையொப்பம் இடவில்லை. வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி எழுத்தில் விலக்கு அனுமதி கேட்பது முறையான வழி. கேட்டோம். கடினத்தில் தளர்வு இல்லை என்று அவர்கள் மறுத்தனர். லாரி வெறுமையாய்த் திரும்பியது. அன்று எங்களோடு தேநீர் அருந்த ஒருவரும் வரவில்லை.

ஆனால் இத்தோடு முடியவில்லை. உண்மையில் கடினமான பகுதி இனிமேல்தான். மறுநாள் காலை உலையருகே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளரான இளைஞரை வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. "கவனக்குறைவு" என்று ஒரு சொல்லில் காரணம் எழுதப்பட்டது. நாங்கள் உலையை ஆராய்ந்தோம். வெப்பமானியின் உறை இடம் பெயர்ந்து வெப்பக்கம்பியை ஒட்டி நின்றதால், அது 860 என்று காட்டியபோது உள்ளே வெப்பம் அதைவிடக் குறைவாகவே இருந்தது. இளைஞரிடம் தனியே கேட்டோம். இரும்பின் நிறம் வழக்கத்தைவிட மங்கலாயிருந்ததைத் தாம் கவனித்ததாகக் கூறினார்.

"அப்படியானால் ஏன் தம்பி சொல்லவில்லை?"

"போன மாதம் சொன்ன அண்ணனுக்கு ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள், சார்."

இதற்கு யாது விடை கூறுவது? எங்கள் கருவிகளுக்கு முன்பே அவர் கண்கள் பழுதைக் கண்டுவிட்டன. பயம் அவர் வாயை மூடிவிட்டது.

1950-ல் ஜப்பானுக்குச் சென்று தரம் பற்றிப் போதித்த எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்க அறிஞரின் பெயர் எங்கள் தொழிலில் அடிக்கடி அடிபடும். அவர் பெயரால் 1951-ல் ஏற்பட்ட பரிசை ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-ல் பெற்றது. ஆலையில் நேரும் பழுதுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அமைப்பைச் சார்ந்தவை, அதைச் சீர்செய்வது நிர்வாகத்தின் கடமை என்பது அவருடைய கணிப்பு. அச்சத்தை ஓட்டுக என்பதும் அவர் வற்புறுத்திய கொள்கைகளுள் ஒன்று. இதை விளக்க அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். 4,000 மணிகள், அவற்றில் 800 சிவப்பு, மற்றவை வெள்ளை. 50 குழிகள் உள்ள பலகையால் அள்ள வேண்டும். சிவப்பு மணி பழுது. குறைவாக அள்ளியவருக்குப் பாராட்டு, கூடுதலாக அள்ளியவருக்குக் கண்டனம்!

தர்மபுரிக் கடைத்தெருவில் பாசிமணிகள் வாங்கினோம். கருவிப் பட்டறை நண்பர் பலகையில் குழிகள் துளைத்துத் தந்தார். உணவுக்கூடத்தில் எல்லாரும் பார்க்க, மேலாளர்களையே அள்ளச் சொன்னோம். முதலில் அள்ளியவருக்கு 8 சிவப்பு, கைதட்டல். பொது மேலாளருக்கு 13. "கவனக்குறைவு!" என்று பின்னிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தனர், அவரும் சிரித்தார். அடுத்த முறை மிகுந்த கவனத்தோடு அள்ளினார்; 11 வந்தது. பெட்டியில் சிவப்பு இருக்கும்வரை பலகையில் சிவப்பு வரும் என்பதற்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. இளைஞர் வேலையில் நீடித்தார். கூலிப் பிடித்தம் அன்றே நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். அதற்கு மேலும் எட்டு மாதங்கள் ஆயின.

டெமிங்கைக் கொண்டாடும் ஜப்பானிலேயே, 2017 அக்டோபரில், கோபே ஸ்டீல் என்ற புகழ்பெற்ற நிறுவனம் தன் அலுமினிய, செம்புப் பொருள்களின் சோதனை விவரங்களை நெடுங்காலம் திருத்தி எழுதி வந்தது வெளியாயிற்று. 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அப்பொருள்கள் சென்றிருந்தன. அங்கே கருவிகளுக்கோ சான்றிதழ்களுக்கோ குறைவில்லை. "குறித்த நாளில் குறித்த அளவு" என்ற நெருக்கடியில் எண்களை மாற்றுவது எளிதாகவும் உண்மையைச் சொல்வது அரிதாகவும் ஆகிவிட்டது, அவ்வளவே. எங்கள் இளைஞரின் மௌனத்திற்கும் இதற்கும் வேறுபாடு அளவில்தான் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-ல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்பை முதலில் செய்பொருளைக் கொண்டு அன்று, செய்யும் மனிதரைக் கொண்டே அளக்க வேண்டும் என்று போதித்தார். தரப் பிரிவினருக்கு இது சற்றுச் சங்கடமான போதனை. எங்கள் கேஜுகள் எல்லாம் பொருளை அளப்பவை. ஆளை அளப்பதற்கு எங்களிடம் கேஜ் இல்லை. ஆனாலும் உருப்படியை 'ரிஜெக்ட்' என்று ஒதுக்கும் நாவு, அதே மூச்சில் அதைச் செய்தவரையும் ஒதுக்கிவிடுகிறது. வீட்டிலும் இது நடவாததன்று: மதிப்பெண் அட்டையைப் பார்த்துப் பிள்ளையை எடை போடாத பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

அந்த இளைஞர் இப்போது ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் இரண்டாவது வெப்பமானி ஒன்றைச் செருகி, இரண்டின் எண்களையும் உலையருகே தொங்கும் தாளில் எழுதுகிறார். பத்து டிகிரிக்கு மேல் வேறுபட்டால் எவரையும் கேளாமல் உலையை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. இதுவரை இருமுறை நிறுத்தியிருக்கிறார். இரண்டாம் முறை வெப்பமானியில் பழுது இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒருவரும் அவரைக் கடியவில்லை.

தேங்கிய முளைகளில் பெரும்பாலானவற்றை மீண்டும் காய்ச்சிக் கடினமாக்க முடிந்தது. அவ்வாறு காய்ச்சியதில் வளைந்துபோனவை மட்டும் கழிக்கப்பட்டன. கழித்ததை அப்படியே பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டு அனுப்பலாகாது. பார்வைக்குப் புதியதாயிருக்கும் முளை, உதிரிபாகக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை அவ்வேலை நடந்தது. கடைசி முளை துண்டாகும்வரை நாங்கள் அருகிலேயே நின்று எண்ணினோம்.