இரண்டு ரசீதுப் புத்தகங்கள்

மறதியைப் பழித்துப் பேசுவது ஆசிரியர்களின் வழக்கம். தேர்வுத்தாளில் நூலாசிரியர் பெயரை மாற்றி எழுதிய மாணவரை நாமும் பலமுறை கடிந்ததுண்டு. ஆனால், "தம்பி, நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று எம் உம்மா எம்மிடமே வினவிய அந்த மஃரிபு வேளையில்தான் அச்சொல்லின் முழுப்பொருள் நமக்கு விளங்கிற்று.

ஈராண்டுக்கு முன்பே அறிகுறிகள் தென்பட்டிருந்தன. உண்டு கை கழுவிய ஈரம் காயுமுன்னே, "எனக்கு யாரும் சோறு வைக்கலை" என்பார்கள். தொழுகையில் ரக்அத் கணக்குத் தவறும். மீண்டும் மீண்டும் தொழுவார்கள். அதனைப் பிடிவாதம் என்றெண்ணி நாம் குரலை உயர்த்தியதும் உண்டு. எழுதக் கை கூசுகிறது. எனினும் எழுதத்தான் வேண்டும்.

ஈழத்தமிழர் இந்நிலையை 'அறளை பெயர்தல்' என்பர். நம்மூரிலோ 'வயசாச்சு' என்பதோடு முடித்துவிடுகிறோம். மருத்துவர் கூறும் பெயர் டிமென்ஷியா. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விளக்கியுரைத்த நோயே அதன் வகைகளுள் பெரும்பான்மை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இதற்கு ஆளாகியுள்ளனர் என 2023இல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இதற்கென ஒரு சங்கம் 1992இலேயே தோன்றிவிட்டது. எம் தெருவுக்குச் செய்தி வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று.

செய்தியைக் கொணர்ந்தவர்களும் ஆடவர் அல்லர். வியாழக்கிழமை ஓதலுக்குக் கூடும் பெண்கள் தத்தம் வீட்டுத் துயரைப் பேசப்போய், ஒரே தெருவில் நான்கு வீடுகளில் இந்நோய் இருப்பது தெரியவந்தது. அந்நால்வருள் எம் துணைவியாரும் ஒருவர். இரவில் மூன்று முறை எழுந்து மாமியாரின் துணி மாற்றிவிட்டு, காலையில் நமக்குச் சிற்றுண்டி கட்டித் தந்தவர் அவர். அவர்கள் கேட்டது பெரிதொன்றுமில்லை. பயிற்சி பெற்ற பெண்மணி இருவர் முறைவைத்து வந்து, வாரத்தில் மூன்று மணி நேரம் நோயாளியுடன் இருந்தால் போதும். அந்த மூன்று மணி நேரம் உறங்கலாம் என்றார்கள்.

ஜமாஅத்தின் இசைவோடு நாங்கள் ஐவர் வசூலுக்குப் புறப்பட்டோம். ஸகாத் நிதி இறைமறை வகுத்த எண்வகையினருள் உரியவர் கைக்கே சேரவேண்டும். பணிப்பெண்ணின் ஊதியத்தை அதிலிருந்து தரலாகாது என்று ஆலிம் பெருந்தகை அறிவுறுத்தினார். ஆகவே ரசீதுப் புத்தகங்கள் இரண்டாயின. வறிய குடும்பங்களுக்குக் கையில் தரும் உதவி ஒன்றில். ஊதியம், தண்ணீர் மெத்தை முதலியவற்றுக்கான ஸதகா மற்றொன்றில்.

சிறுநீரக அறுவைக்கு வாரி வழங்கும் ஊர்தான் எம்மூர். ஆயின் அங்கே ஒரு தேதி உண்டு. குறைகின்ற தொகை உண்டு. பிழைத்து எழுந்தவர் சலாம் சொல்ல வருவார். எங்களிடம் இவற்றுள் ஒன்றுமில்லை. "ஆபரேஷன் என்றைக்கு?" என்ற வினாவுக்கு விடை கூறியே முதல் வாரம் கழிந்தது. ஜவுளிக்கடை ஹாஜியார் ஒருவர் புத்தகத்தைத் திருப்பித் தந்து, "என்ன சார், பெத்தவளைப் பார்க்கவும் வசூலா?" என்றார்.

அதுவரை யாருடைய வீடுகள் என்று நாம் எங்கும் வாய் திறந்ததில்லை. பிறர் மானம் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, காத்தது எம் மானத்தை. "ஹாஜியார், அந்த நாலு வீட்டுல ஒண்ணு எங்க வீடு" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கடைப்பையன்களை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில், "எங்க ராத்தாவை ரூம்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் நான் கடைக்கு வர்றேன்" என்றார். அன்று அவர் ஒரு ரூபாயும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பணிப்பெண்கள் அமர்ந்ததும் முதலில் சென்றது அவர் இல்லத்திற்கே. நான்கு வீடுகள் ஐந்தாயின. அவர் காசு அதன்பின் மாதந்தோறும் வந்தது. பெயர் எழுத வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

நிதி இன்னும் போதவில்லை. மூன்று மணி நேரம் என்றது பல வாரங்களில் இரண்டாகக் குறைந்துவிடுகிறது. கணக்கை இரவில் எம் வீட்டு முற்றத்தில் எழுதுவோம். ஒருநாள் உம்மா அருகில் வந்தமர்ந்து, "யாருக்கு வசூல்?" என்றார்கள். "நினைவு தப்பினவங்களுக்கும்மா" என்றோம். "பாவம்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை நீட்டினார்கள்.

ஸதகா புத்தகத்தில் அவர்கள் பெயருக்கே ரசீது எழுதிக் கொடுத்தோம். வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அதை எடுத்து வந்து, இது என்ன தாள் என்று கேட்டார்கள்.