டப்ளின் நகரத்து யாழ்

டப்ளின் நகரில் டிரினிடி கலாசாலை வாசலை நாம் அடைந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அது ஓர் அதிசயமன்று. 1732-ம் வருஷம் கட்டி முடிந்த அதன் பழைய புத்தகசாலையில், அயர்லாந்து மக்கள் உயிரெனப் போற்றும் பழைய யாழைக் கண்டோம். குழந்தையைப் போல் மடியில் வைத்து மீட்டத்தக்க சிறு வாத்தியந்தான். 1014-ம் வருஷப் போரில் மாண்ட பிரையன் போரு மன்னருடையது அது என்பது கர்ண பரம்பரை. அறிஞர்களோ, அவருக்கு மூன்று நான்கு நூற்றாண்டு பிற்பட்டதென்று கூறுகிறார்கள். 1922-ல் சுதந்திர ராஜ்யம் அமைந்தபோது அந்நாட்டார் தங்கள் முத்திரைக்கு இதையே மாதிரியாகக் கொண்டனர். வாளையும் சிங்கத்தையும் விட்டு ஒரு வாத்தியத்தைத் தேர்ந்த தேசம் அது!

இந்த யாழின் குடம் ஒரே வில்லோ மரத்துண்டைக் குடைந்து செய்தது. இக்காலத்துப் பெரிய யாழ்களிலோ, வீணைக் குடத்தை மூடும் பலகை போல, மெல்லிய மரப்பலகை ஒன்றை முகத்தில் ஒட்டுகிறார்கள். 47 தந்திகளும் அந்தப் பலகையைப் பற்றி இழுக்கின்றன. அந்த இழுப்பு சுமார் 2,000 ராத்தல் என்றால் நேயர்கள் வியப்படைவார்கள்.

யாழ் செய்யும் முதியவர் ஒருவரின் பட்டறைக்கும் சென்றோம். அங்கே முகப்பலகை பிளந்த யாழ் ஒன்று கிடந்தது. பாட்டியின் ஞாபகமாக அதைப் போற்றிய ஒரு குடும்பத்தார், மாரிக்காலம் முழுவதும் கணப்படுப்பின் அருகிலேயே நிறுத்தி வைத்திருந்தார்களாம். தொட்டு வாசிப்பார் இல்லை. ஆகையால் விரிசல் வளர்ந்ததைக் கண்டாரும் இல்லை.

"ஓயாமல் மழை பெய்யும் ஊரில் மரம் உலர்வது எப்படி?" என்று கேட்டோம்.

"குளிர்ந்த காற்றில் நீர் குறைவு, ஐயா. அதை வீட்டுக்குள் சூடாக்கினால் அதற்குத் தாகம் எடுக்கிறது; மரத்திலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுகிறது," என்றார் அவர்.

உலர்ந்த மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். பலகையின் ஓரங்களோ குடத்தோடு ஒட்டியிருப்பதால் அதற்கு இடங்கொடா. முடிவில் ரேகை வழியே பிளவு காண்கிறது. தந்திகளின் இழுப்பினால் பலகை நாளடைவில் சற்றுப் புடைப்பது நோயன்று. பாரத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். மேற்பூச்சில் மயிரிழை போல் தோன்றும் கீறலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பிளவின் ஒரு பக்கம் உயர்ந்தாலும், பசை விட்டுப் பலகை பெயர்ந்தாலும், தந்திகளை ஒரு சீராகத் தளர்த்தி உடனே கைதேர்ந்தவரிடம் காட்ட வேண்டும்.

அவர் சொன்ன காப்பு முறையும் எளியதே. அடுப்பு, வெயில், பூட்டிய மோட்டார் வண்டி இவற்றுக்கு யாழைத் தூரமாக வைக்க வேண்டும். அறையில் ஈரமானி ஒன்று தொங்கவிட்டு, நூற்றுக்கு 40 முதல் 50 வரை ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் எடுத்து வாசிக்க வேண்டும். வாசிக்கிறவன் கண்ணுக்குத்தான் முதல் கீறல் தெரியும்.

1792-ல் பெல்பாஸ்ட் நகரில் பழைய யாழ்ப் புலவர்களைக் கூட்டியபோது அயர்லாந்தில் வந்து சேர்ந்தவர் பத்துப் பேர்தாம். அவர்களிலும் பெரும்பாலோர் கண்பார்வை இழந்தவர்கள். பண்டிங் என்னும் இளைஞர் அவர்களுடைய இசையை எழுதி வைத்ததால் அது பிழைத்தது. 2019-ல் ஐக்கிய நாடுகளின் கலாசார ஸ்தாபனம் அந்த யாழிசையை உலகப் பாரம்பரியச் செல்வமாக ஏற்றது.

நம் முன்னோர் மீட்டிய யாழோ மரமும் தோலும் மிஞ்சாமல் மறைந்தது. 1947-ல் விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' இயற்றி, பழைய ஏடுகளிலிருந்து அதன் வடிவத்தைத் தேடித் தந்தார். நம் வீடுகளில் வீணை இன்னும் இருக்கிறது. குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் அதை உறை போட்டு மூலையில் சாத்தியிருக்கும் நேயர்கள், இன்றே உறையைக் கழற்றிப் பலகையை ஒருமுறை தடவிப் பார்ப்பார்களாக.