துருவ ஒளி வந்தால் திட்டு வாங்கும் ஊர்!

ஃபின்லாந்தின் வடகோடியில் இனாரி என்று ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் ஐஹ்கினியேமி என்ற இடத்தில் ஒரு மரவீடு. குளிர்காலத்தில் அங்கே வந்து தங்குபவர்களில் சிலர் பனிச்சறுக்குக்காகவோ மீன் பிடிக்கவோ வருவதில்லை. ரேடியோ கேட்க வருகிறார்கள்!

தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கு 'டி.எக்ஸிங்' என்று பெயர். மீடியம் வேவ் அலைகளைப் பகலில் வானம் விழுங்கிவிடும். இருட்டிய பிறகுதான் அவை மேலே போய், எதிரொலித்து, வெகுதூரம் வரும். இனாரியில் டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி 10-ம் தேதி வாக்கில் வரை சூரியன் உதிப்பதே இல்லை. ரேடியோ பிரியர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காட்டுக்குள் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். எந்த நாட்டைக் கேட்க வேண்டுமோ, அந்தத் திசையில் ஒரு கம்பி. ஹரால்ட் பெவரேஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் வழங்கும் ஏரியல் இது. பனிமான்கள் அறுத்துவிட்டுப் போனால், பனியில் நடந்துபோய்த் தேடி முடிச்சுப் போட வேண்டும்.

ஹவாய் தீவுகள் இங்கிருந்து சுமார் 10,000 கி.மீ. நேர்வழி கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகிறது. அங்கேதான் சிக்கல். துருவ ஒளியைப் பார்க்க உலகமே லாப்லாந்துக்குப் பணம் கட்டி வருகிறது. ஆனால், பச்சை ஒளி வானத்தில் ஆட்டம் போடும் இரவுகளில் அமெரிக்க நிலையங்கள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். சுற்றுலாப் பயணிகள் கைதட்டும் அதே நேரம், மரவீட்டுக்குள் இருப்பவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள்!

வானம் அமைதியானால், ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்துக்கும் காத்திருப்பார்கள். அமெரிக்க நிலையங்கள் அப்போது தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. இரைச்சலுக்கு நடுவே அந்தச் சில நொடிகள் காதில் விழுந்தால் போதும். பாட்டு, பேச்சு, வானிலை எல்லாம் அப்புறம்தான். கேட்டதை எழுதி அனுப்பினால், 'ஆமாம், அது நாங்கள்தான்' என்று நிலையத்திலிருந்து பதில் வரும். க்யூ.எஸ்.எல். எனப்படும் அந்த உறுதிக் கடிதங்களைப் பொக்கிஷம்போலச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் மீடியம் வேவ் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபங்க் 2015 டிசம்பர் 31-ம் தேதியோடு இந்த அலைவரிசையை விட்டது. பக்கத்து வீட்டுச் சத்தம் ஓய்ந்ததால் தூரத்துக் குரல்கள் இப்போது இன்னும் நன்றாகக் கேட்கின்றன. சந்தோஷப்பட முடியவில்லை. அமெரிக்காவிலும் சின்ன ஊர் நிலையங்கள் சில உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மௌனமாகின்றன. இந்தக் குளிர்காலத்தில் கேட்ட குரல் அடுத்த ஆண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது.

மார்ச் வந்தால் பகல் நீண்டுவிடும், சீசன் முடிந்தது. ஆனால், கேட்பது முடியாது. இப்போதெல்லாம் மொத்த அலைவரிசையையும் அப்படியே கணினியில் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். மே மாதக் கடைசியில் இனாரியில் சூரியன் மறைவதையே நிறுத்திவிடும். அப்போது ஏதோ ஒரு வீட்டில், ஹெட்போன் மாட்டிய ஒருவர் டிசம்பர் இரவுக்குத் திரும்பிப் போய், ஒரு நிலையத்தின் பெயரைப் பத்தாவது முறையாக ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.