முதல் பிலிம் கேமரா வாங்கப் போறீங்களா? பென் டார்ச் எடுத்துக்கோங்க

ஓபி முடிஞ்சு வெளிய வரும்போது ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி பிடிச்சுக்கிட்டார். "சார், போட்டோகிராபி கத்துக்கணும். பழைய பிலிம் கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எந்த மாடல் சார்?" அவருக்குச் சொன்னதை இங்கயும் போட்டுடறேன். கொஞ்சம் நீளமான த்ரெட் 👇

மாடல் பேரை அப்புறம் பார்ப்போம். உங்க கையில கொடுக்கற அந்த ஒரு பீஸ் நல்லா இருக்கா, அதுதான் முதல் கேள்வி. நாற்பது வயசு கேமரா அது. விக்கறவர் சொல்ற ஹிஸ்டரி மட்டும் போதாது, எக்ஸாமின் பண்ணணும்.

லென்ஸைக் கழற்றுங்க. அப்பர்ச்சரை முழுசா திறந்து, பின்னாலிருந்து சாய்வா பென் டார்ச் அடிங்க. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையா தெரிஞ்சா பூஞ்சை. பால் ஊத்தின மாதிரி மங்கலா இருந்தா ஹேஸ். (மதுரைக்காரங்களுக்குக் கண்புரை பத்தி நான் சொல்லணுமா!) ரெண்டுல எது இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. நாலு தூசி இருந்தா பரவால்ல, படத்துல தெரியாது.

அடுத்தது ஷட்டர். பின்மூடியைத் திறந்து 1 செகண்டுல வச்சு அழுத்துங்க. இழுத்து இழுத்து மூடினா உள்ள கிரீஸ் காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் 1/1000-ல வச்சு ஜன்னல் பக்கம் காட்டி, பின்னாலிருந்து பாருங்க. பளிச்னு ஒரு வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா வாங்காதீங்க. மூடி ஓரத்துல இருக்கற கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுன்னு ஒட்டுதா? அதுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திக்கலாம்.

இப்ப மாடல். என் ஓட்டு பென்டாக்ஸ் கே1000, கூட ஒரு 50 எம்எம் லென்ஸ். 1976-லிருந்து 1997 வரைக்கும் செஞ்சாங்க. பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். அது செத்தாலும் ஷட்டர் ஓடும். மினோல்டா எக்ஸ்-700 அருமையான கேமராதான், ஆனா பேட்டரி போனா ஷட்டரே திறக்காது. ஒரு விஷயம்: கே1000-ல மீட்டருக்கு சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைங்க, இல்லேன்னா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடும்.

ஜெனிட்-இ மலிவா கிடைச்சா? நம்ம ஊர் வெயிலை நினைச்சுக்கோங்க. அதுல வேகம் 1/30-லிருந்து 1/500 வரைக்கும்தான். 400 ஐஎஸ்ஓ ரோல் போட்டு மத்தியானம் சமணர் மலையில நின்னா எஃப்16-ஐ விட்டு நகர முடியாது. பின்னணியை மங்கலாக்கி ஒரு முகம் எடுக்கிறதெல்லாம் நடக்காது. மஹால் தூண்களுக்கு நடுவுல நிழல்ல நின்னா 1/15 கேக்கும், அதுவும் இல்ல. கே1000 வச்சிருந்தாலும் வெயிலுக்கு 100 ரோல்தான் நல்லது. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' ரோல் போட்ட காலம் போச்சு. இப்ப இறக்குமதி ரோலை நம்பி இருக்கோம், ஒவ்வொரு ஃபிரேமும் காசு.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, பிஜி படிக்கும்போது ஒரு கேமராவைப் பார்த்ததும் பிடிச்சுப்போய் சோதிக்காம வாங்கினேன். முதல் ரோலைப் போட்டுக்கிட்டு நேரா உசிலம்பட்டிப் பக்கம் எங்க ஊருக்குப் போயிட்டேன். திண்ணையில அப்பத்தா வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்தாங்க. தண்டட்டி ஆட ஆட, "என்னை எதுக்குடா படம் பிடிக்கிற"ன்னு சிரிப்பு வேற. 36-ம் முடிஞ்சது, ஆனா லீவர் இன்னும் லேசா ஓடுது. அப்பவும் எனக்கு உறைக்கல. டெவலப் பண்ணினா ஒரு படம் கூட இல்ல. பிலிம் சுருள்ல மாட்டவே இல்ல, உள்ள அது நகரவே இல்ல. அடுத்த லீவுக்குள்ள அப்பத்தா போயிட்டாங்க.

ரோல் போட்டதும் தொய்வு இல்லாம மெதுவா சுத்திக்கோங்க. லீவரை இழுக்கும்போதெல்லாம் இடது பக்க ரீவைண்ட் குமிழைப் பாருங்க. அது திரும்பினாத்தான் பிலிம் ஓடுது.

வாங்கினதும் ஒரு டெஸ்ட் ரோல். காலையில வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போயி படிக்கட்டு, மைய மண்டபம், நடக்க வர்றவங்கன்னு எல்லா வேகத்துலயும் எடுங்க. எந்தப் படத்துக்கு எந்த செட்டிங்னு சீட்டுல குறிச்சுக்கோங்க. வீட்டு ஆளுங்களை ரெண்டாவது ரோல்ல எடுக்கலாம். விக்கறவர்கிட்ட திருப்பிக் கொடுக்க ரெண்டு வாரம் டைம் முன்னாடியே பேசிக்கோங்க, ரோல் டெவலப் ஆகி கைக்கு வரணும்ல.